ஆரம்ப சுகாதார நிலையம்: எங்கள் பக்கத்து ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஆஸ்பத்திரி விஷயம் என்றால் அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் மருத்துவர் இல்லை. பக்கவாதம் வந்த பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏழு வருடம் அலைந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. இரண்டு கிலோமீட்டரில் கிடைத்திருக்க வேண்டியதைத் தேடி நாற்பது கிலோமீட்டர் போனோம். இன்னொரு குடும்பம் அப்படிப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு எந்த ஆஸ்பத்திரி? எங்கே முதலில் போவது?

முதலில் துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர், நாம் நர்ஸம்மா என்று கூப்பிடுபவர். அதற்கு மேலே ஆரம்ப சுகாதார நிலையம், நம் பேச்சில் பி.எச்.சி. இது சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ரத்தப் பரிசோதனை எல்லாம் இங்கே உண்டு. ஒன்றியத்துக்கு ஒன்றாக 30 படுக்கையோடு தரம் உயர்த்தப்பட்ட நிலையமும் இருக்கிறது. அதற்கும் மேலே போனால் தாலுகா ஜி.எச்., மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி.

இந்தக் கணக்கு நேற்று வந்ததில்லை. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) என்பவரின் குழு 1946-இல் அறிக்கை கொடுத்தபோதே, முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று சொன்னது. காசு இல்லாத காரணத்தால் யாருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்பதுதான் அந்த அறிக்கையின் அடிப்படை. ஆகவே அங்கே போவதை யாரும் இலவசத்துக்குக் கையேந்துவதாக நினைக்க வேண்டாம். நம் வரியில் நடப்பது அது.

உங்கள் நர்ஸம்மாவின் பெயரும் போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் இருப்பதில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

காசு கேட்பார்களா? என்னென்ன அட்டை கொண்டுபோக வேண்டும்?

ஓ.பி. சீட்டு, மருந்து, ஊசி, அங்கேயே செய்யும் பரிசோதனை எதற்கும் காசு இல்லை. அட்டை இல்லை என்று சொல்லி அவசர சிகிச்சையை மறுக்கக்கூடாது. ஆதாரும் பழைய சீட்டும் கையில் இருந்தால் பதிவு சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். பழைய சீட்டை எறியாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.

அங்கே கொடுக்கிற மாத்திரை வேலை செய்யாது என்கிறார்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுத்த காலத்திலிருந்து வந்த சந்தேகம் என்று நினைக்கிறேன். இப்போது நடப்பதைச் சொல்கிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை 1994-இல் அரசு தொடங்கியது. மாநிலம் முழுக்கத் தேவையான மருந்தை அது மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு தொகுதி மருந்தும் பரிசோதனைக் கூடத்தில் தேறிய பிறகே கிடங்கை விட்டு வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கி பாஸ்புக் போல ஒரு பாஸ்புக் உண்டு. அதில் இருக்கும் தொகைக்குத் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊரில் எந்த மருந்து தேவையோ அதை அந்த ஊர் கேட்டு வாங்கும் ஏற்பாடு இது. ராஜஸ்தான், கேரளம் போன்ற மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

மருந்துக்கடையில் விற்கும் பிராண்டு பெயர் மாத்திரை அட்டையில் இருக்காது, மருந்தின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே இருப்பது அதே மருந்துதான். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான். நிறம் மாறினாலோ அளவு மாறினாலோ சந்தேகப்பட்டு நிறுத்திவிடாமல் மருந்தாளுநரிடம் கேளுங்கள். "போன மாசம் வெள்ளையா இருந்துச்சு, இப்ப மஞ்சளா இருக்கே" என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில மாதம் சில மருந்து தீர்ந்துபோகும். அப்போது "வெளியே வாங்கிக்கோங்க" என்று சீட்டு எழுதுவார்கள். பக்கத்து நிலையத்தில் இருக்கிறதா, எப்போது வரும் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் டவுனுக்குப் போக முடியவில்லை. என்ன செய்வது?

போக வேண்டியதில்லை. இரண்டுக்கும் மாத்திரை பி.எச்.சி.யிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. விருதைவிட, எங்கள் தெருவில் அந்த அக்கா சைக்கிளில் வருவது எனக்குப் பெரிய விஷயம்.

ஏனென்றால் என் பெரியம்மாவுக்கு அது இல்லை. அவருக்கு பிரஷர் இருப்பது தெரியும், மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டவுனில் ஒரு தனியார் கிளினிக். போக வர பஸ், டாக்டர் பீஸ், மாத்திரை, அன்றைய களையெடுப்புக் கூலி போனது என்று கூட்டினால் ஒரு தடவைக்கு மூன்று நாள் கூலி காலி. "தலை சுத்தல் இல்ல, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். நிறுத்தி எட்டு மாதம் கழித்து, மாடு பிடித்துக் கட்டும்போது வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பிரஷர் ஏறியிருந்தாலும் பல நேரம் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, நன்றாக இருக்கிறோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது. அதை அன்றைக்கு யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றால் பெயர் பட்டியலில் விட்டுப்போயிருக்கும். நர்ஸம்மாவிடம் சொன்னால் சேர்த்துவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய் டாக்டரைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் அக்காவால் சிறுநீரகத்தையும் கண்ணையும் பரிசோதிக்க முடியாது.

போகிற நேரமெல்லாம் டாக்டர் இல்லை என்கிறார்கள். ஏன்?

காரணம் பல. பல இடங்களில் ஒரே டாக்டர்தான். அவரே பள்ளிக்கூடப் பரிசோதனைக்கும் முகாமுக்கும் கூட்டத்துக்கும் போக வேண்டும், பக்கத்து நிலையத்தில் ஆள் இல்லையென்றால் அங்கேயும் பார்க்க வேண்டும். அப்புறம் மேற்படிப்பு, அதற்காகச் சிலர் பணியிலிருந்து படிக்கப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை மருத்துவ இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு என்பது நீண்டகாலமாக இருந்துவந்த ஏற்பாடு. நீட் வந்த பிறகு அது சிக்கலானது. இப்படி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"படிக்கத்தானே வர்றாங்க, நமக்கு என்ன லாபம்?" என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். லாபம் நமக்குத்தான் என்பது என் கருத்து. எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர் ஒருவர் நகரத்தை விட்டுவிட்டு நம் பி.எச்.சி.க்கு வருவதற்கு அந்த இடஒதுக்கீடு ஒரு வலுவான காரணம். அதை எடுத்துவிட்டால் நாற்காலி இன்னும் அதிக நாள் காலியாக இருக்கும். ஒருவர் படிக்கப் போகும்போது அடுத்தவரை உடனே போடாததில்தான் கோளாறு. நாம் கேட்க வேண்டிய இடம் அது.

சரி, இன்றைக்கு டாக்டர் இல்லை, என்ன செய்வது? திரும்பி வந்துவிடாதீர்கள். பணியில் இருக்கும் செவிலியரிடம் என்ன தொந்தரவு என்று சொல்லுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயத்துக்குக் கட்டு போன்றவற்றை அவர்களே பார்ப்பார்கள், ஆபத்து என்றால் 108-ஐ அழைத்து அனுப்பிவிடுவார்கள். புற நோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்கு மேல் போய் நின்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஊசி போடச் சொன்னால் மாத்திரை மட்டும் தருகிறார்களே?

சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் ஊசி தேவையில்லை. இது அவர்கள் சோம்பலால் சொல்வது இல்லை. ஊரில் படிப்பு இல்லாமல் வைத்தியம் பார்ப்பவர்கள் போடும் ஊசியில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். அன்று மாலையே உடம்பு லேசாகிவிடும், பசிக்கும், "கைராசிக்காரர்" என்று பெயர் வரும். உள்ளே சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்கு முட்டிவலிக்கு இப்படி இரண்டு வருடம் போட்டதில் எலும்பு நொறுங்கிவிட்டது. ஊசி போடாமல் அனுப்பும் டாக்டர்மேல் கோபப்படாதீர்கள்.

மகள் உண்டாகியிருக்கிறாள். எப்போது பதிவு செய்ய வேண்டும்? பணம் கிடைக்குமா?

நாள் தள்ளிப்போனதும் நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பகாலப் பதிவு எண்) வாங்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். தனியாரிடம் பார்த்தாலும் இந்தப் பதிவு அவசியம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் வந்தது. முதல் இரண்டு பிரசவத்துக்கு, தாய்க்கு 19 வயது நிறைந்திருந்தால் கிடைக்கும். 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும், மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். தவணை நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் பெயர் எழுத்து மாறியிருப்பதுதான். ஆதாரில் இருக்கும் பெயரும் பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று முதல் மாதமே பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயரா கணவர் பெயரா என்ற குழப்பத்தில் பணம் மாட்டிக்கொண்ட பெண்கள் எங்கள் ஊரிலேயே நான்கு பேர்.

பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது? எந்தச் சிக்கலும் இல்லாத பிரசவத்துக்கு பி.எச்.சி. போதும். மூன்று செவிலியர்களை முறைவைத்து இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டை இந்த மாநிலம் செய்த பிறகுதான் கிராமத்தில் வீட்டுப் பிரசவம் மறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ரத்தசோகை, பிரஷர், இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன் ஆனது இவற்றில் ஒன்று இருந்தாலும் சீமாங் மையம் (சிக்கலான பிரசவத்தையும் பச்சிளம் குழந்தையையும் அவசரமாகப் பார்க்கும் பிரிவு) உள்ள ஜி.எச்.சுக்குத்தான் போக வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காமல், எட்டாம் மாதமே எங்கே போவது, யார் கூட வருவது என்று பேசி முடித்துவிடுங்கள். பிரசவம் ஆனதும் தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இலவசம். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் தடுப்பூசி.

பாம்பு கடித்தால்?

மிக முக்கியமான கேள்வி. நெல் அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கம் கேட்காத வாரமே கிடையாது.

கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட காலை ஒரு குச்சியோடு சேர்த்துத் துணியால் லேசாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்கவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போங்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அதில் இன்னொருவர் கடிபட்ட கதை உண்டு. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்த்தும், கண்ணிமையைப் பார்த்தும் மருத்துவர் முடிவெடுப்பார்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அவர்கள் கையில் பிடித்த பாம்பு நம் பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம், பல் பதிந்த தடமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண்ணிமை தொங்குவது என்று தொடங்கும். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தை வீணாக்குவார்கள். தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் இமை தொங்கினால், பாம்பைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மந்திரிப்பவரிடம் போவதைப் பற்றிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு போய் விபூதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கேட்கிறார்கள்.

நாய்க்கடிக்கு?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஊசி அன்றைக்கே தொடங்கி, 3, 7, 28-ஆம் நாட்களில் போட வேண்டும். வளர்ப்பு நாயாக இருந்தாலும், குட்டியாக இருந்தாலும், கீறல் மட்டும்தான் என்றாலும் போய்க் காட்டுங்கள். ஆழமான கடி என்றால் ஜி.எச்.சில் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. நடுவில் ஒரு ஊசியைக்கூட விடாதீர்கள்.

எங்கள் மலைக்கு 108 வராதே?

உண்மை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது. பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸும் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையைக் கையில் சுமந்தபடி மலை ஏறினார். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் மலையிலும் டோலி கட்டித் தூக்கி வரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

இப்போதைக்குச் செய்யக்கூடியது இதுதான். கர்ப்பிணிகளுக்காக மலைப்பகுதி நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது. தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இறங்கி வந்து தங்கிக்கொள்ளலாம், கூட ஒருவர் இருக்கலாம். நடமாடும் மருத்துவக் குழு எந்தக் கிழமை எந்த ஊருக்கு வரும் என்று கேட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

மலையில் நல்ல மருத்துவம் முடியவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் இடையில் இருக்கும் சிட்டிலிங்கியைக் காட்டுவேன். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதி 1993 வாக்கில் அங்கே போய், ஊரார் கட்டிக்கொடுத்த குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி கொடுத்தார்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்ணைச் சுகாதாரப் பணியாளராக்கினார்கள். நீலகிரி கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் அதே வழியில் வந்ததுதான். வெளியிலிருந்து வருபவர் மாற்றலாகிப் போவார். மலையில் பிறந்த பெண் அங்கேயே இருப்பாள். அவளைப் படிக்கவைப்பதற்கு அரசு இன்னும் நிறையச் செலவழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெரிய ஆபரேஷன் என்றால் காப்பீடு உதவுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் அட்டை எடுக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்துவிடுங்கள். தினசரி மாத்திரைக்கு இது உதவாது, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். சாலை விபத்துக்கு வேறு ஏற்பாடு: 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலர், அடுத்து வட்டார மருத்துவ அலுவலர், அதற்கும் மேலே மாவட்ட சுகாதார அலுவலர். போனில் என்றால் சுகாதார உதவி எண் 104, முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை கலெக்டர் மனுநாளும் இருக்கிறது.

ஆனால் எங்களுக்குப் பலன் கொடுத்தது கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு. "டாக்டர் வரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள். எந்தெந்தத் தேதியில் யார் போனார்கள், என்ன நேரம், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டு போனோம். மூன்று மாதத்தில் பதினோரு தேதி. அதைப் படித்துக்காட்டி, தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலில் கையெழுத்து வாங்கி வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினோம். திட்டவில்லை, யார் பெயரையும் இழுக்கவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது மருத்துவர் வாரத்தில் மூன்று நாள் வரத் தொடங்கினார். இப்போது அந்த நோட்டு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இருக்கிறது. பி.எச்.சி.க்குப் போய்விட்டு வருபவர்கள் அங்கே நின்று தேதியை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.